வளைவு வீடு – அத்தியாயம் 14: பன்னிரண்டு அடி

பேருந்து வருமா, வராதா என்பது வியாழக்கிழமை பத்து மணிக்குத் தெரிந்துவிடும் என்று சொன்ன கடிதத்தோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அந்த வியாழக்கிழமையை இப்போது சொல்லியாக வேண்டும். அதைத் தாண்டி வெள்ளிக்கிழமைக்குப் போய்விட வழி இருந்தால் போயிருப்பேன்.

எங்கள் புறநகர் ஆற்றுக்கு இக்கரையில் இருக்கிறது. அக்கரையில் ரயில் நிலையம் வந்து மூன்று ஆண்டு ஆகிறது. நடுவே பாலமும் கட்டி முடித்தாயிற்று. ஆனால் நிலையத்துக்குப் போகும் பேருந்து எங்கள் ஆற்றோரச் சாலைக்குள் நுழையாது. மேட்டுச் சாலையோடு போய்விடும். அதைப் பிடிக்க ஏற்றத்தில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். முட்டி நன்றாக இருப்பவர்களுக்கு இருபது நிமிடம். என் தங்கைக்கு நாற்பது.

தங்கை தையல்காரி. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு அவளுடையது. அவள் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் சாலை மட்டும்தான். அந்தச் சாலை ஊர் முழுக்க நூல் பிடித்த மாதிரி வந்து, எங்கள் வீட்டெதிரே மட்டும் ஒரு நெளி நெளிந்து போகும். ஷேர் ஆட்டோக்காரர்கள் அதற்குப் ‘பெரியவர் வளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியவர் என்பது நான். குடிநீர் நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டு மேற்பார்வையாளராக இருந்தவன். என் பேரில் ஒரு இடம் வழங்குகிறது என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று காலை ஏழு மணிக்கு என் மருமகள் காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில் அவள் அந்த வேலைக்கு மனுப் போட்டபோது, எங்கள் குடும்பத்துப் பெண் ஸ்டியரிங் பிடிப்பதா என்று நான் நான்கு மாதம் அவளோடு பேசாமல் இருந்தது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது ஆண்டில் அவள் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. அதனால்தான் சோதனை ஓட்டத்துக்கு அவளையே போட்டிருந்தார்கள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

“கேளு.”

“ரோடு எல்லா வீட்டுக்கு முன்னாடியும் ஒழுங்காத்தானே போகுது. நம்ம வீட்டுக்கிட்ட வந்ததும் மட்டும் ஏன் பாம்பு மாதிரி நெளியுது?”

“ஆபீஸ்காரன் போட்ட கோடு. அவனுக்கு என்ன தோணிச்சோ.”

இருபத்திரண்டு ஆண்டாக இதே பதில். கேட்ட எல்லாருக்கும் இதே பதில். சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மை மாதிரிப் பழகிவிட்டிருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது கொஞ்சம் நீண்ட ஆயுள் உள்ளது.

“இன்னைக்கு உங்க மகன் ஊர்ல இருந்திருக்கலாம்” என்றாள் சட்டையை மடித்தபடி. என் மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். சனிக்கிழமைதான் வருவான். “நான் எங்கயாவது இடிச்சா, சிரிக்கவாவது ஒரு ஆள் இருந்திருக்கும்.”

“இடிக்க மாட்டே.”

“நம்பிக்கைதான். ஆனா வண்டி நீளம் பன்னிரண்டு மீட்டர் மாமா. அது உங்க பேச்சைக் கேக்காது.”

ஒன்பதரைக்கெல்லாம் சாலையோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. தங்கை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா. அதைக் கழற்றிவைத்துவிட்டு அவள் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பேருந்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியது அவள்தான். முட்டி வலியோடு நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள்.

“கையெழுத்து வாங்குறதுன்னா லேசுன்னு நினைச்சீங்களா?” என்று பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஒவ்வொருத்தர்கிட்டயும் மல்லுக்கட்டினேன். படிக்காம போடாதீங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்கன்னு. நாலு பேருக்கு நானே படிச்சுக் காட்டினேன்.”

“என்கிட்ட மட்டும் படிக்க விடலையே. கல்லாவுல இருந்தவனைக் கையைப் பிடிச்சு இழுத்துல்ல வாங்கினீங்க” என்றார் அவர்.

“உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கூட்டம் சிரித்தது. நானும் என் வாசலில் நின்றபடி சிரித்தேன். அப்போது எனக்கு உறுத்தவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது உறுத்துகிறது.

பத்துக்குச் சரியாகப் பேருந்து வந்தது. உள்ளே ஆட்கள் இல்லை. இருக்கைக்கு ஒன்றாக மணல் மூட்டை. ஆள் ஏறிய எடை இருந்தால்தான் வண்டி வளைவில் எப்படிச் சாய்கிறது என்று தெரியுமாம்.

“இதுங்கதான் நல்ல பயணிங்க” என்றார் டீக்கடைக்காரர். “ஒண்ணாவது படியில தொங்குதா பாருங்க.”

போக்குவரத்து அலுவலகப் பொறியாளர் முன்னால் நடந்து வந்தார். முப்பது வயதிருக்கும். ஒரு கையில் சாக்கட்டி, அக்குளில் பழைய கோப்பு. சாலையில் இரண்டு கோடு கிழித்துவிட்டு, வரலாம் என்று கையசைத்தார்.

மருமகள் மெதுவாகத் திருப்பினாள். வண்டியின் மூக்கு என் முன்னறைச் சுவரை நோக்கி வந்தது. ஒரு முழம் இருக்கும்போது ஒடித்தாள். மூக்கு தப்பியது. ஆனால் பின்பக்கம் வீசிக்கொண்டு போய்த் தங்கையின் வாசற்படிமேல் நின்றது. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இரண்டாம் முறை இன்னும் அகலமாக எடுத்துப் பார்த்தாள். படி தப்பியது. பக்கக் கண்ணாடி என் ஜன்னல் விளிம்பில் உரசி மடங்கியது.

“பெரியவர் வளைவுல மாட்டிக்கிச்சுடா!” என்று ஒரு ஆட்டோக்காரன் கத்தினான். கூட்டம் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதல் முறையாக விளங்கியது. என் பேரை அவர்கள் வைத்தது மரியாதைக்கு இல்லை. தினமும் அந்த இடத்தில் பிரேக் அடிக்கும்போது வாய்க்குள் வருகிற வசவு அது.

மூன்றாம் முறையும் முடியவில்லை. மருமகள் இன்ஜினை அணைத்து இறங்கினாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பொறியாளரிடம் சொன்னாள்:

“சார், ரெண்டு தடவை ரிவர்ஸ் போட்டா திருப்பிரலாம். ஆனா காலையில எழுபது பேரை ஏத்திக்கிட்டு, பின்னாடி ஆட்டோ ஹாரன் அடிக்க, ரிவர்ஸ் போட முடியாது. ஸ்கூல் பிள்ளைங்க நடக்குற ரோடு. நான் முடியும்னு சொன்னா அது பொய்.”

எப்படியாவது முடியும் என்று சொல்லிவிடுவாள் என நான் எதிர்பார்த்தேன். என் வீட்டில் பொய் சொல்லாத ஒருத்தி இருக்கிறாள் என்பதை ஒன்பது ஆண்டாக நான் கவனிக்கவில்லை.

பொறியாளர் பேருந்தின் நிழலில் நின்று கோப்பைப் பிரித்தார். நானும் மருமகளும் மட்டும் பக்கத்தில் இருந்தோம்.

“மூணு வழிதான் இருக்கு” என்றார். “ஒண்ணு, வண்டி பழையபடி மேட்டுச் சாலையிலேயே போகட்டும்னு எழுதிடலாம். அதான் எனக்குச் சுலபம். ரெண்டு, அந்தத் தையல் கடைப் பக்கம் மிச்சத்தையும் எடுக்கணும்.”

“அது கடை மட்டும் இல்ல சார், வீடு” என்றாள் மருமகள். “பின்னாடி ஆத்துச் சுவர். எடுத்தா அவங்களுக்கு நிக்கக்கூட இடம் இருக்காது.”

“மூணாவது, இந்தப் பக்கம். ஐயா வீட்டு முன்னறையில பன்னிரண்டு அடி.” விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். “வேடிக்கை என்னன்னா, முதல்ல போட்ட கோடே அதுதான். பாருங்க. நேர் கோடு, உங்க முன்னறை வழியாத்தான் போகுது. அப்புறம் ஒரு மனு வந்து, அதை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்காங்க. எதிர்வீட்டுக்காரங்களே சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இப்படியும் மனுஷங்க இருக்காங்க பாருங்க.”

எதிர்வீட்டுக்காரி என் உடன்பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. பழுப்பேறிய அந்தத் தாளை மருமகள் எட்டிப் பார்த்தாள். மேலே என் கையெழுத்து. கீழே, சாய்வில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோல் தங்கையின் கையெழுத்து.

மருமகள் கோப்பை மெல்ல மூடினாள்.

“சார், நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. மாமா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?”

முன்னறையைப் பற்றி இத்தனை வாரம் எழுதியிருக்கிறேன். என் தந்தை வந்தவர்களை உட்காரவைத்துப் பேசிய அறை. அங்கே நிற்கவைத்து யாரையும் அனுப்பியதில்லை. சாகும் முன் அவர் சொன்ன கடைசிச் சொல், “முன்னறையை விட்டுடாதே” என்பது. முன்னறை இல்லாத வீடு முகமில்லாத வீடு என்று நான் நம்பினேன். சாலை அளக்க வந்தபோது அந்த நம்பிக்கையோடுதான் மனு எழுத உட்கார்ந்தேன்.

மருமகள் கதவைச் சாத்தினாள்.

“எதிர்வீட்டு அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“கையெழுத்து அவங்களோடதுதானே?”

“நான் கேட்டேன். போட்டா.”

“என்னன்னு சொல்லிக் கேட்டீங்க?”

“ரோடு விஷயமா ஒரு மனுன்னு.” என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. “அது பொய்யில்லையே.”

“இல்ல மாமா. பொய்யே இல்ல” என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெளியே யாரோ பேருந்தின் ஹாரனை அழுத்திப் பார்த்தார்கள்.

“அத்தை வீட்டுல துணி வெட்டுற மேசை எங்கன்னு வந்த புதுசுல கேட்டேன்” என்றாள். “ரோடு எடுத்ததுக்கு அப்புறம் மேசை போட இடமில்ல, தரையிலதான் வெட்டுறேன்னாங்க. இருபத்திரண்டு வருஷமா தரையில முட்டி போட்டு வெட்டினா முட்டி என்ன ஆகும் மாமா?”

எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். மேட்டுச் சாலை ஏற்றத்தில் அவள் கையைப் பிடித்து நடத்திப் போய், பேருந்தில் ஏற்றி, நல்ல அண்ணன் என்று ஊரார் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தவன்.

என் மனைவி ஒருத்திக்கு மட்டும் அந்த மனு தெரியும். “வேண்டாங்க” என்று ஒரே தடவை சொன்னாள். அதன் பிறகு இறக்கும்வரை அவள் முன்னறையில் உட்காரவில்லை. வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்று நின்றபடியே போய்விடுவாள். நான் அதையும் கவனிக்காதவன்போல் இருந்தேன்.

“முன்னறையைக் கொடுத்துடறேன்” என்றேன்.

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நானே எதிர்பார்க்கவில்லை.

“சார்கிட்ட சொல்லிடவா?”

“சொல்லு.”

பொறியாளர் டீயோடு திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

“சந்தோஷம் ஐயா. ஒரு சிக்கல்தான். பழைய கோட்டை மாத்துன மனுவுல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு. அதை ரத்து செய்யணும்னா அதே ரெண்டு பேரும் இதுல போடணும். நான் நாளைக்கு மதியம் அறிக்கை அனுப்பணும். அதுக்குள்ள வந்தா நேர் கோடு. வரலைன்னா மேட்டுச் சாலைதான். அப்புறம் யார் கேட்டாலும் பத்து வருஷத்துக்கு அசையாது.”

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். நான்கு வரி. காரணம் எழுத இடமில்லை. பழைய மனுவின் எண் மட்டும் போட்டிருந்தது.

மருமகளும் அதைப் பார்த்துவிட்டாள். என்னை வாசல்வரை நடத்தி வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இதைக் கொண்டுபோய் நீட்டினா அத்தை படிக்காமலேயே போட்டுருவாங்க. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸும் வந்துரும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்ல.”

“நீ என்ன சொல்றே?”

“நான் ஒண்ணும் சொல்லல மாமா. இந்த வீட்டுப் பேச்சு என் வாய் வழியா வெளியே போகாது. அத்தைகிட்டயும் போகாது.” பழைய மனுவின் நகலைப் பொறியாளரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதை என் கையில் வைத்தாள். “ரெண்டு காகிதம் இருக்கு. எதை எடுத்துட்டுப் போறீங்கன்னு நான் பார்க்கல.”

திரும்பிப் பேருந்துக்குப் போய்விட்டாள்.

சாலையைக் கடந்தேன். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் எத்தனை தப்படி என்று அதற்கு முன் எண்ணியதில்லை. அன்று எண்ணினேன். பதினொன்று.

தங்கையின் வீடு ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் இல்லை. ஒரு சுவரை ஒட்டித் தையல் இயந்திரம், மறு சுவரை ஒட்டிக் கட்டில். நடுவில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டுக்கான சட்டைத்துணி தரையில் விரித்துக் கிடந்தது. அதன்மேல் கால் படாமல் இருக்க நான் ஒருக்களித்து நின்றேன்.

“என்ன அண்ணா, பஸ் போச்சா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. “போகட்டும் விடுங்க. இவ்வளவு நாள் நடக்கலையா? நானூத்திப் பன்னிரண்டு பேருக்குப் பதில் சொல்லணுமேன்னுதான்.”

“இன்னும் போகல. முன்னறையைக் கொடுத்துடறேன்னு சொல்லிட்டேன்.”

“அண்ணா!”

“அதுக்கு உன் கையெழுத்தும் வேணுமாம்.”

அவள் எழுந்திருக்க முயன்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்பா முன்னறையை எனக்காகவா கொடுக்குறீங்க? வேண்டாம் அண்ணா. அப்பா என்ன சொல்லிட்டுப் போனாரு...”

“கையெழுத்து வேணும்” என்றேன்.

இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்து, என் கையில் இருந்த காகிதத்துக்காகக் கையை நீட்டினாள். “எங்க போடணும்?”

“படிக்கலையா?”

“நீங்க கொண்டு வந்த காகிதத்தை நான் எதுக்குப் படிக்கணும்?”

“ஊர்ல எல்லாரையும் படிச்சுட்டுப் போடச் சொன்னியே.”

“அது ஊருக்கு” என்றாள் சிரித்துக்கொண்டு.

அந்த நேரத்தில் ஒரு நிமிடம், என் வாசகர்களிடம் மறைக்க மாட்டேன், புதுப் படிவத்தை மட்டும் நீட்டிவிடலாம் என்று தோன்றியது. அவளுக்குப் பேருந்து வரும். முட்டிக்கு நிம்மதி. எனக்கு, தங்கைக்காக முன்னறையைக் கொடுத்தவன் என்ற பேரும் வரும். பொய்யில்லாத காகிதம். முதல் காகிதத்திலும் பொய்யில்லை என்றுதானே நான் அன்று நினைத்துக்கொண்டேன்?

பழைய மனுவை இயந்திரத்தின்மேல் வைத்தேன்.

“இதைப் படிச்ச பிறகு போடு.”

“என்ன இது? கண்ணாடியை எங்க வெச்சேனோ. நீங்களே படிங்க.”

நின்றுகொண்டே படித்தேன். என் எழுத்து, என் நடை. அலுவலகத்தில் எல்லாரும் புகழ்ந்த நடை. ‘மேற்படி சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கட்டடம் தாழ்ந்த கூரை கொண்ட எளிய கட்டடம். அதில் தையல் வேலை மட்டுமே நடைபெறுகிறது. அதன் முன்பகுதியை எடுத்துக்கொள்வதால் குறிப்பிடத்தக்க இழப்பு எவருக்கும் இல்லை. கட்டடத்தின் உரிமையாளர் இதற்கு முழு மனத்துடன் சம்மதித்துக் கீழே ஒப்பமிட்டுள்ளார்.’

அவள் விரல் இயந்திரத்தின் சக்கரத்தில் இருந்தது. அது சுற்றவில்லை.

“நடுவுல ஒரு வரி படிச்சீங்களே, அதை இன்னொரு தடவை படிங்க.”

“எந்த வரி?”

“இழப்புன்னு வந்துச்சே.”

படித்தேன். குறிப்பிடத்தக்க இழப்பு எவருக்கும் இல்லை.

வெளியே மருமகள் பேருந்தைப் பின்வாங்கி ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. தங்கை தரையில் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு மழை” என்றாள். “ஞாபகம் இருக்கா? நான் ஒரு சட்டைக்குக் காலர் வெச்சுக்கிட்டிருந்தேன். நீங்க குடையை வெளிய சாய்ச்சுட்டு, வாசல்லயே நின்னீங்க. உள்ள வாங்கன்னேன், வரல. ஈரக் காலோட துணியை மிதிச்சுருவேன்னு சொன்னீங்க.”

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. மழை. வாசல். அன்று அந்த வாசலுக்கு முன்னால் இன்னும் பன்னிரண்டு அடி இருந்தது.

“அண்ணன் நனைஞ்சுக்கிட்டு நிக்குதே, சீக்கிரம் போட்டுக் கொடுத்துருவோம்னுதான் படிக்காம போட்டேன்” என்றாள். “இல்லைன்னா படிச்சிருப்பேன் அண்ணா. எனக்குப் படிக்கப் பிடிக்கும்.”

மன்னித்துவிடு என்ற சொல்லை நான் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் மூத்தவர்கள் சொல்வதில்லை. வாயைத் திறந்தேன். அது வருவதற்குள் அவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். இழுப்பறையைத் திறந்து, துணியில் அடையாளம் போடும் வெள்ளைச் சாக்கட்டியை எடுத்தாள்.

“வாங்க” என்றாள்.

பதினொரு தப்படியையும் அவள் என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். கூட்டம் கலைந்திருந்தது. முன்னறைக்குள் பொறியாளர் நாடா வைத்து அளக்கத் தொடங்கியிருந்தார். மருமகள் ஓரமாக நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நாங்க அளந்துக்கிறோம் அம்மா” என்றார் பொறியாளர்.

“உங்க நாடா ரோட்டுக்கு. வீட்டை நான் அளக்கிறேன்.” கழுத்திலிருந்த நாடாவை உருவி வாசற்சுவரில் ஒரு நுனியை வைத்தாள். அறுபது அங்குல நாடா. இரண்டு முறை முழுதாக, பிறகு கொஞ்சம். ஒவ்வொரு முறையும் சுவரோரம் நகர்ந்து, நின்றபடியே அளந்தாள். அப்பாவின் நாற்காலி வந்தது. அதைச் சுற்றிப் போனாள். பன்னிரண்டு அடி முடிந்த இடத்தில் நின்றாள்.

“இங்கதான். இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும்.” சாக்கட்டியை என்னிடம் நீட்டினாள். “நீங்க போடுங்க அண்ணா. எனக்கு முட்டி மடங்காது.”

பொறியாளர், நான் போடுகிறேன் என்று முன்வந்தார். மருமகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

என் எழுபத்தாறு வயதில் நான் யார் முன்னும் முட்டி போட்டதில்லை. அதைப் பெருமையாக இந்தத் தொடரிலேயே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். சாக்கட்டியை வாங்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை தவழ்ந்தபடி கோடு போட்டேன். தங்கை நாடாவை இழுத்துப் பிடித்தபடி கூடவே வந்தாள்.

“கோணுது” என்றாள் ஒரு இடத்தில். “அழிச்சுட்டு நேரா போடுங்க.”

உள்ளங்கையால் அழித்து நேராகப் போட்டேன். முடிந்தபோது எழுந்திருக்க முடியவில்லை. முட்டி இரண்டும் தீயாக எரிந்தது. ஒரே ஒரு கோட்டுக்கு. மருமகள்தான் தூக்கிவிட்டாள்.

சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதத்தையும் எடுத்தேன். புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். தங்கையிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, என் கையிலிருந்த பழைய மனுவையும் வாங்கி, இரண்டையும் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு மதியம்தானே சார்?”

“ஆமாம்மா. பன்னிரண்டு மணிக்குள்ள.”

“படிச்சுட்டுச் சொல்றேன்” என்றாள்.

என்னைப் பார்க்கவில்லை. நாடாவைச் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாலையில் மருமகள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். “சனிக்கிழமை அவர் வந்து இந்தக் கோட்டைப் பார்ப்பாரே, என்ன சொல்லப்போறீங்க?” என்று கேட்டாள். பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். முன்னறையில் அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

நான் உட்கார்ந்திருந்த அப்பாவின் நாற்காலி கோட்டுக்கு அந்தப் பக்கம், சாலைக்குப் போகப்போகும் பக்கத்தில் இருந்தது. எழுந்து அதை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

தினமும் ஐந்து மணிக்கு எதிர்வீட்டுத் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கும். விளக்கு ஏற்றும்வரை ஓடும். இத்தனை ஆண்டாக அந்தச் சத்தத்தில்தான் நான் செய்தித்தாள் படித்து முடிப்பேன்.

ஐந்து அடித்தது. ஐந்தரை ஆனது. அவள் ஜன்னலில் விளக்கு எரிந்தது. கண்ணாடி கிடைத்துவிட்டது போலும், இயந்திரத்தின்மேல் காகிதத்தை விரித்து வைத்துக் குனிந்திருந்தாள்.

சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.